லாரி ஆபீஸில் ஒரு பிரதமர்

எங்கள் முதலாளியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கியது. தூத்துக்குடியில் எந்த லாரி ஆபீஸுக்குள் நுழைந்தாலும் அந்த இடத்தில் திருச்செந்தூர் முருகன் இருப்பார். இல்லையென்றால் காலமான முதலாளி சந்தன மாலையோடு இருப்பார். எங்கள் ஆபீஸில் இருந்தவர் நாட்டை ஆண்ட பெண் பிரதமர். முன்தலையில் அந்த வெள்ளைப் பட்டை, கூரான மூக்கு, எதிரே இருப்பவன் பொய் சொல்லப் போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட பார்வை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பிரதமர் தன் காவலர்களாலேயே சுடப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் படத்துக்கு மாலை கிடையாது, பொட்டு கிடையாது. ஒரு ஆயுதபூஜையன்று நான் ஆர்வக்கோளாறில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனேன். "அவ சாமி இல்லலே. அவகூட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. பொட்டை வச்சிட்டா நான் யார்கூடச் சண்டை போட?" என்று தடுத்துவிட்டார் அம்மா.

அந்தச் சண்டைக்கு முந்தைய கதை பாசமானது. கணவர் இறந்தபோது அம்மாவிடம் மிஞ்சியது ஒரு பழைய லாரி. அதை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். வங்கிகளை அரசுடைமையாக்கிய பிரதமரின் பேச்சை ரேடியோவில் கேட்டிருந்த அம்மா, இனி அந்தக் கதவு நமக்கும் திறக்கும் என்று நம்பி, இரண்டாவது லாரிக்குக் கடன் கேட்க ஒரு வங்கிக்குப் போனார். ஆம்பிளை யாரும் கூட வரவில்லையா என்று கேட்டாராம் மேனேஜர். "டெல்லியிலேயே ஆம்பிளை இல்லாமத்தான் நடக்கு, தூத்துக்குடியில நடக்காதா?" என்றாராம் அம்மா. கடன் கிடைத்தது. ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து சரக்கு ஏற்றும் லாரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அவர் பெயருக்கு வந்தன. பஜாரில் அவருக்குப் 'பிரதமர்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் யாரும் அதை அவர் காதுபடச் சொன்னதில்லை.

நெருக்கடி நிலை வந்தபோது சண்டை வந்தது. அம்மாவின் லாரிகளுக்கு உப்பு ஏற்றிய கூலியாட்களின் தொழிற்சங்கக்காரர் ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது வீட்டாருக்கே வெகுநாள் தெரியவில்லை. கூலியை உயர்த்தக் கேட்டு அம்மாவோடு மல்லுக்கட்டிய மனுஷர்தான் அவர். ஆனாலும் அன்று அம்மா நாற்காலியில் ஏறி, பிரதமர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆபீஸில் பழைய ஆட்கள் இதைச் சொல்லும்போது என் காலத்திலும் குரலைத் தாழ்த்துவார்கள். படம் இல்லாமல் இருந்தால் கேள்வி இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தொங்குகிற படத்தைப் பார்த்து எந்த அதிகாரியாவது கேட்டால் என்ன பதில் சொல்வது? தேர்தலில் பிரதமர் தோற்றபோது பஜாரில் வெடி போட்டார்கள். அன்றைக்கு அம்மா மறுபடி நாற்காலியில் ஏறிப் படத்தை முன்பக்கமாகத் திருப்பினார். "தோத்துட்டால்லா, இனி அவ மூஞ்சியைப் பாத்துப் பேசலாம்" என்றாராம்.

இப்படிப்பட்டவரிடம் மேனேஜராக இருந்தவன் நான். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைப்பேன். லாரி ஷெட்டில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். தைரியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டவன் எனக்கு நகைச்சுவையை வைத்துவிட்டான் என்பதும், பயம் வந்தால்தான் என் வாயில் நல்ல நகைச்சுவையே வரும் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

அம்மாவின் அம்பாசிடர் காருக்கு ஒரு டிரைவர் இருந்தார். என்னைவிட ஓரிரு வயது இளையவர். 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று என் பின்னாலேயே வருவார். நான் சொல்லும் நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். சில சமயம் நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது நான் செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர்தான் அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் பின்னால் ஒரு ஆட்டோவில், இரண்டு வலது கால் செருப்போடு போய்ச் சேர்ந்தேன். இதைச் சொல்லிப் பல நாள் சிரித்தோம்.

பிறகு எங்கள் பக்கம் கெட்ட காலம் வந்தது. தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். பஸ் மேல் கல் விழுந்தது, கடைகள் சாயங்காலத்திலேயே அடைத்தன. புது ஆளைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்ன பிறகு கேட்க எதுவும் மிச்சம் இருக்காது; முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிடும். எங்கள் டிரைவரின் ஊர் பாஞ்சாலங்குறிச்சிக்கு அப்பால். எங்கள் ஆட்களுக்கு ஆகாத தெரு. அதுவரை அந்த நினைப்பே எனக்கு வந்ததில்லை என்று எழுத ஆசைதான். வந்திருக்கிறது, வேலை இல்லாமல் ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

அம்மாவின் தம்பி ஆபீஸுக்கு வந்தார். நிலைமை சரியாகும்வரை டிரைவரை மாற்று, உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது, ஒரு பொம்பளை அவனை நம்பித் தனியாகப் போவதா என்றார். நானும் ஆமாம் போட்டேன். வாரம் ஒருமுறை ஆறுமுகநேரிக்குப் போகும் அந்தக் காரில் முன்சீட்டில் உட்கார்வது நான் என்பதை யாரும் நினைக்கவில்லை. நான் ஒருவன்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் திரும்பாமலேயே கட்டைவிரலால் படத்தைக் காட்டினார்.

"இவகிட்டயும் சொன்னாங்க, காவலுக்கு நிக்கவங்களை மாத்திருன்னு. ஆளோட சாதி சனத்தைப் பாத்து மாத்த மாட்டேன்னுட்டா."

"அதனாலதாம்மா அவங்க படமா இருக்காங்க" என்றேன்.

அம்மாவின் தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தார். என் வாழ்நாளிலேயே மிகச் சரியான நேரத்தில் விழுந்த நகைச்சுவை அது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சொல்லுதது வாஸ்தவம்தாம்லே. செத்துத்தான் போனா. அதுக்காக அவ செஞ்சது தப்புன்னு ஆயிருமா?"

டிரைவரை மாற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை ஆறுமுகநேரிக்குப் போகவேண்டியிருந்தது. இரவெல்லாம் நான் உப்புப் பாத்திகளுக்கு நடுவே என் பிணத்தைப் பல கோணங்களில் பார்த்திருந்தேன். ஷெட்டில் டிரைவர் முன்கண்ணாடியில் படிந்திருந்த உப்புத்தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தபடியே, ஊர் கிடக்கிற கிடையில் தம்பி கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்றேன். அவரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாவா அண்ணாச்சி சொன்னாவ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் மாடியில் இருந்த ஆபீஸ் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறக்காமல் அவ்வளவு பெரிய பொய்யை அதற்கு முன் சொன்னதில்லை. அவர் துடைத்த துணியைப் பிழிந்து கம்பியில் காயப்போட்டார். சாவியை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அம்மா இறங்கி வந்தார். டிரைவருக்குக் காய்ச்சல் என்றேன். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். காய்ச்சல்காரன் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டா போனான் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்கும் அளவுக்கு எனக்குத் திறமையும் இல்லை. அடிப்பார், வேலையை விட்டு நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வண்டியை எடு. அவன் ஊருக்குப் போ" என்றார்.

லைசென்ஸ் எடுத்த நாளுக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டது அன்றுதான். இரண்டாவது கியரைத் தாண்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கார் முனகிக்கொண்டே போனது, நானும்தான். வேலிக்கருவைக்குள் ஆடு அசைந்தால்கூட ஹார்னை அடித்தேன். எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவருக்கு முன்ஜாக்கிரதையாகக் கும்பிடு போட்டேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாண்டும்போது, கட்டபொம்மன் நிமிர்ந்து நின்ற மண் என்று தெரிந்தும் தலையைத் தாழ்த்திக்கொண்டே ஓட்டினேன். வழியில் அம்மா பேசியது ஒருமுறைதான்.

"எமர்ஜென்சியில நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது, கீழ இருக்கவன் அவ பேரைச் சொல்லிச் செஞ்சுட்டான்னு இன்னைக்கும் சொல்லுதாங்க. தெரியலன்னா நாற்காலியில எதுக்கு இருக்கா? எனக்கும் அவளுக்கும் சண்டை அதுதாம்லே. இன்னைக்கு நீ அதே வேலையை எனக்குப் பாத்துட்ட."

நாட்டைப் பற்றிய பெரிய விஷயங்களில் எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. டீக்கடையில் நெருக்கடி நிலையைத் திட்டிப் பேசியிருக்கிறேன். அதை என்னாலும் கொண்டுவர முடியும், அதற்கு ஒரு ஜன்னலை அண்ணாந்து பார்த்தால் போதும் என்பது அந்தக் காருக்குள்தான் உறைத்தது.

ஊர் முகப்பில் ஆட்கள் காரை மறித்தார்கள். நான் கிளட்சை மறந்து பிரேக்கை மிதித்ததில் கார் குலுங்கி நின்றது. அம்மா கண்ணாடியை இறக்கி, டிரைவர் வீட்டுக்கு வந்திருக்கிறோம், வழி சொல்லுங்கள் என்றார். அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்டினார்.

டிரைவர் அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தார் போல. சட்டைகூட மாற்றவில்லை. அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்: "நான் சொல்லலப்பா. ஆனா என் ஆபீஸ்ல இருந்து சொன்னதுனால நான் சொன்ன மாதிரிதான். இனி நீ வாரதும் வராததும் உன் இஷ்டம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

 டிரைவர் பெஞ்சைத் துடைத்து அம்மாவை உட்காரச் சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா டம்ளரில் வாய் வைத்து மிச்சமில்லாமல் குடித்தார். அடுத்த டம்ளர் என் முன்னால் நீண்டது.

என் கை எழவில்லை. ஒரு கணம்தான். நாக்கு வறண்டு கிடந்தது, உண்மையிலேயே தாகம். ஏதாவது கலந்திருப்பார்களோ என்று பயந்துவிட்டேன் என்பதுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் விளக்கம். அது மட்டும்தானா? அதை நான் யாரிடமும் சத்தியம் செய்யமாட்டேன். அந்த வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் அந்தக் கணத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது பயத்தை அல்ல. பார்த்ததை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் தெரியும். அந்தப் பெண்ணின் கை நீண்டபடியே இருந்தது. ஒரு நகைச்சுவையாவது வாயில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

டிரைவர்தான் டம்ளரை மனைவியின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"வேண்டாம்னா விட்டுருங்க, சார்."

பிறகு அவர் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். அம்மாவுக்காக ஓட்டினார். அம்மா அன்று என்னைத் திட்டவில்லை, பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் கணக்கு முடிந்தது என்று நான் நினைத்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

அம்மா மூப்பில் படுக்கையில் விழுந்து இறக்கும்வரை அந்தக் காரை டிரைவர்தான் ஓட்டினார். லாரி ஆபீஸ் இப்போது இல்லை. நான் தெப்பக்குளம் பக்கம் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். அவர் சொந்தமாக இரண்டு வேன் வைத்திருக்கிறார். சென்ற மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர அவர் வேனைத்தான் கேட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அவர் காரில், இந்த உலகத்துக்கு வர அவசரப்பட்டவள்தான் இந்த மகள். அவர் வந்தார், நேரத்துக்கு வந்தார். பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். சாப்பாட்டுப் பந்தியில் நானே நின்று பரிமாறினேன். என் நகைச்சுவைக்குச் சிரித்தார். சொல்லி முடித்த பிறகு, வேண்டிய அளவு சிரித்தார்.

கிளம்பும்போது வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பழையபடி அண்ணாச்சி என்றே கூப்பிடக்கூடாதா என்று கேட்டுவிட்டேன். கல்யாண வீட்டுக் கூட்டத்தில், பட்டு வேட்டியோடு, ஐம்பது தாண்டிய ஒருவன் கெஞ்சுவது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.

"நானும் கூப்பிட்டுப் பாத்தேன். வாயில வரணும்லா, சார்."