அரசாங்கச் செலவில் ஒரு கணக்கு சார்

சாஃப்ட்வேர் வேலைக்காகத் திருமுல்கேரியில் குடியேறியவர்கள் நாங்கள். அரசுப் பள்ளியில் படித்த எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கு, அரசாங்கமே செலவு செய்து நடத்தும் ஐஐடி பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு என் மகள் திவ்யாவை அமீர்பேட்டில் பெரிய கோச்சிங் சென்டரில் சேர்த்திருந்தோம். “நம்ம வரிப்பணம்தான் அங்கே போகுது” என்று கணவரிடம் பொருமிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“கவர்ன்மென்ட் வகுப்புல ஒழுங்கா சொல்லித் தராங்களா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“ஹவ் ஆன்ட்டி, நல்லாவே சொல்லித் தராங்க. கணக்கு புரியலன்னா சார் பக்கத்துலயே உக்காந்து திரும்பச் சொல்லுவாரு.”

திவ்யா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“மம்மி, மார்க் குறைஞ்சதும் என்னை லாஸ்ட் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க. நல்ல சார்ஸ் யாரும் அங்க வரதில்ல.”

“எப்போ மாத்தினாங்க?”

“ரொம்ப நாளாச்சு. நீ கேக்கவே இல்லையே.”

வரிப்பணப் பேச்சை அன்றோடு விட்டேன். பொறாமை மட்டும் போகவில்லை. ஸ்டெல்லாவின் பக்கத்தில் அரசாங்கம் ஒரு சாரை உட்கார வைத்திருந்தது. என் பெண்ணின் பக்கத்தில் நான்கூட உட்காரவில்லை.