சோறில்லாத பந்தி

அரிசி இல்லாமலும் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடலாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதலில் சொன்னவள் நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை, சமைத்தும் காட்டினேன். இப்போது அரிசி கடைக்குத் திரும்பிவிட்டது. லயத்துப் பெண்கள் கிழங்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நானும்தான் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் என் காரணம் வேறு.

ஜப்பான்காரன் வந்தபோது நான் மலையடிவாரத்துத் தாப்பாவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பெட்டியோடு மலையேறித் தோட்டத்துக்கு வந்தேன். பெட்டியில் இரண்டு பாவாடையும் ஓர் உடல்நலப் பாடப்புத்தகமும் இருந்தன. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் நெல்மணியின் படம், பக்கத்திலேயே கிழங்கின் படம். இரண்டுக்கும் கீழே ஒரே சொல்தான்: மாவுச்சத்து. எனக்கு அந்தப் பக்கம் வேதம் மாதிரி. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“அரிசியும் கெழங்கும் ஒண்ணுன்னு வெள்ளக்காரன் எழுதி வச்சிருக்கானா?”

“ஆமாம்மா. ரெண்டுலயும் அதே சத்துதான்.”

“அவன் ரொட்டி தின்றவன். அவனுக்கென்ன தெரியும்” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா தோட்டத்து மருந்துக்கூடத்தில் டிரஸ்ஸர். மருந்து தீர்ந்த பிறகும் அவரை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். வேலை செய்தால்தான் உணவுப் பங்கு என்று ஆனதும் அம்மாவும் அக்காவும் கிழங்குக் காட்டுக்குப் போனார்கள். தேயிலைச் செடிகளில் பாதி, ஆள் உயரம் வளர்ந்து காடாகக் கிடந்தது. கொஞ்சத்தைப் பிடுங்கிவிட்டுக் கிழங்குக்கொடி போட்டிருந்தார்கள். நான் நோஞ்சான் என்று கங்காணியிடம் சொல்லி என்னை அடுப்படியில் விட்டார்கள். எனக்கோ கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போன கோபத்தையெல்லாம் அடுப்பில்தான் காட்டினேன்.

மலைக்குளிரில் மரவள்ளி சரியாகப் பருக்காது. அது கீழேயிருந்து எப்போதாவது லோரியில் வரும். எங்கள் கையில் இருந்தது சர்க்கரைவள்ளி, சேம்பு, பூசணி, சௌசௌ, கோஸ். கியா பார்ம் பக்கம் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனக் கிழவருக்குக் காலில் ஆறாத புண். அப்பா வாரத்துக்கு ஒரு முறை நடந்துபோய்க் கழுவிக் கட்டிவிட்டு வருவார். வரும்போது தோளில் கோஸும் தக்காளியும் இருக்கும்.

பிஸ்கட் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு ஒரு துருவி செய்தேன். மரவள்ளியைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, உதிர்த்து ஆவியில் வைத்தால் புட்டு. பிழிந்த பாலைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாக மாவு நிற்கும். அதைக் கஞ்சியாகக் காய்ச்சலாம், தோசை மாதிரியும் ஊற்றலாம். புளி இல்லை, பச்சைத் தக்காளி இருந்தது. தேங்காய் இல்லை, பருப்பு இல்லை. பூசணி விதையை வறுத்து அரைத்துக் குழம்பில் கரைத்தேன். கெட்டியாக, மணமாக வந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று லயம் முழுக்க ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைவிட மூன்று வயது பெரியவளான அக்கா காட்டிலிருந்து வந்ததும் மண் கையோடு அடுப்படியில் எட்டிப் பார்ப்பாள்.

“டீச்சரம்மா, இன்னைக்கி என்ன சத்து?”

“கோஸ். சுண்ணாம்புச் சத்து.”

“அப்படின்னா கொஞ்சம் எடுத்து வையிலா, அப்பாவுக்கு வெத்தலைக்கி ஆகும்.”

அப்பா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அம்மாவும் சாப்பிடுவாள், இலையில் மிச்சம் வைக்க மாட்டாள். எழுந்திருக்கும்போது மட்டும், “வயிறு நெறஞ்சிருச்சு. சாப்புட்ட மாதிரி இல்ல” என்பாள். தினமும் அதே பேச்சு. படிக்காதவள் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மாலை கங்காணி வந்தார். நல்ல மனிதர்தான், அதாவது கெட்ட செய்தியை முன்கூட்டியே வந்து சொல்கிறவர். வாசல் மரக்கட்டையில் உட்கார்ந்து வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“டிரஸ்ஸரய்யா, துரை பங்களாவுல இருக்குற ஜப்பான்காரனுங்க அடுப்படிக்கு ஒரு பொண்ணு கேக்குறானுங்க. கலியாணம் ஆகாத பொண்ணு. ஒங்க பெரியவளப் பாத்துட்டானுங்க.”

அப்பா உள்ளே அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார்.

“கழுத்துல தாலி இருந்தா நான் எதையாச்சும் சொல்லி மாத்தி விட்ருவேன். ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்துல ஒரு பையன் இருக்கான். ஆலையில வேலை. அவங்கப்பனும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்க. ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டு வர்றேன். பந்தியில ஒக்கார வச்சிருங்க. ஒக்காந்துட்டா முடிஞ்ச மாதிரி. மறுநாளே கோயில்ல கட்டிரலாம்.”

எங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், மிஞ்சினால் காப்பி. இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று பொருள். கை நனைப்பது என்போம். கை நனைத்த பிறகு பேச்சு மாறுகிறவனோடு எந்தத் தோட்டத்திலும் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் சாப்பிட வேண்டும்.

அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்கு நடந்தாள், அரிசிக்கு மாற்றிக்கொள்ள. அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் பாய் இந்தியாவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “இத நீங்களே வச்சிக்கிங்க தங்கச்சி. அரிசி இருந்தா சும்மாவே குடுப்பேன். எங்கூட்டுலயே பாத்து நாளாச்சு” என்று சொல்லி ஒரு சிரட்டை உப்பு கொடுத்து அனுப்பினார்.

“அரிசி கெடக்குது விடும்மா” என்றேன் நான். “அவங்க வாழ்நாள்ல சாப்பிடாத சாப்பாடு போடுறேன் பாரு.”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பயந்திருந்தாள். பயந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி நான் என்றும் சமைத்ததில்லை. பழைய பங்கில் மிஞ்சிய மரவள்ளி முழுவதையும் துருவிப் புட்டு அவித்தேன். உதிர் உதிராக, தூரத்திலிருந்து பார்த்தால் சோறு என்றே சொல்லலாம். பூசணி விதைக் குழம்பு, கோஸ் பொரியல், சௌசௌக் கூட்டு, செம்பனை எண்ணெயில் சிவக்க வறுத்த சேம்பு, சர்க்கரைவள்ளிக் கொழுந்துக் கீரை. பழுத்த பூசணியை மசித்துக் கடைசியில் இனிப்பாக ஒரு பாயசம். அதற்குச் சீனி வேண்டியிருக்கவில்லை. ஓடையோரம் காட்டு வாழை இலை வெட்டி வந்து போட்டோம். கொல்லையில் ஒரு கொடி மிச்சம் இல்லை. அடுத்த வாரம் என்ன தின்பது என்று யாரும் கேட்கவில்லை.

கங்காணி அவர்களைக் கூட்டி வந்தார். பையனின் அப்பா பெருத்த உடம்புக்காரராக இருந்தவர் என்பது தொங்கிய தோலில் தெரிந்தது. பையன் அப்பாவுக்குப் பின்னால் தலைகுனிந்து வந்தான். எங்கள் அப்பா, “எல போட்டிருக்கு, ஒக்காரணும்” என்றார். பெரியவர் இலைகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன்.

“யாரு கைப்பக்குவம் இது?” என்றார் பெரியவர், குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே.

“சின்னவ. படிச்ச புள்ள” என்றார் கங்காணி.

“படிச்சா இப்பிடிச் சமைக்க வருமா? தெரிஞ்சிருந்தா எம் பொஞ்சாதியப் பள்ளிக்கூடத்துல போட்டிருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மூன்றாவது முறையும் வாங்கினார். பாயசத்தை இலையோடு வழித்தார். பையன் அதிகம் பேசவில்லை. அக்கா கீரைச் சட்டியோடு அவன் பக்கம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து, “கீரை இன்னும் கொஞ்சம்” என்றான். அவள் வைத்தாள். “போதுங்களா?” என்றாள். “இன்னுங் கொஞ்சம்” என்றான். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

கை கழுவி, வெற்றிலைக்கு உட்கார்ந்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அப்ப நாளைக்கே கோயில்ல…”

“அதுக்கென்ன, பாக்கலாம்” என்றார் பெரியவர், காம்பைக் கிள்ளிக்கொண்டு.

கங்காணி திரும்பினார். “பாக்கலாம்னா என்னா அர்த்தம்? பந்தியில ஒக்காந்து கை நனைச்சாச்சே.”

“எங்க நனைச்சோம்? என்னா சாப்புட்டோம் சொல்லு. கெழங்கு, கீரை, பூசணிக்கா. வெரதத்துக்குப் பலகாரம் தின்ற மாதிரி. எலையில ஒரு பருக்க சோறு விழுந்துச்சா? சோத்துல கை வச்சாதானய்யா சம்பந்தம்.”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். “மாமா, அரிசியில இருக்குற மாவுச்சத்துதான் இதுலயும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் கோபப்படவில்லை. என்னைக் கனிவாகவே பார்த்தார். “நல்லா பேசுது புள்ள” என்று கங்காணியிடம் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பையன் அப்பாவின் பின்னால் போனான். வாசல் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றான். “வாடா” என்றார் அவர். போய்விட்டான்.

அவர்களை வழியனுப்பிவிட்டுக் கங்காணி திரும்பி வந்து உண்மையைச் சொன்னார். அக்கா பங்களாவில் கேட்ட பெண் என்பது ரிங்லெட் வரைக்கும் தெரிந்திருந்தது. அவளைக் கட்டி ஜப்பான்காரன் பகையை வீட்டுக்குக் கொண்டுவரப் பெரியவர் தயாராயில்லை.

“தெரிஞ்சும் எதுக்கு வந்தாரு?” என்றார் அப்பா.

கங்காணி வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளினார். “பசிதான், வேறென்னா.”

அம்மா இலைகளை எடுத்து வெளியே போட்டாள். அவற்றில் ஒன்றுமில்லை, கோழி கூட வரவில்லை. “நான் தெனம் சொன்னேனே” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அக்காவைப் பங்களாவுக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்றுதான் எழுத வேண்டும், ஒருவரும் இழுத்துப் போகவில்லை. கங்காணி வந்து நின்றார், அவள் தலையை வாரிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அங்கே சமைத்தேன், கழுவினேன், வேறொன்றும் இல்லை என்று அவள் சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை. லயத்தில் மற்ற எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

பங்களாவில் அரிசி இருந்தது. பானையின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டித் தலைத்துண்டில் கட்டிக் கொண்டுவருவாள். அதை ஒரு சட்டியில் கொட்டி நடுவில் வைப்போம். முதல் நாள் அம்மா தொடவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டாள். அன்று சாப்பிட்ட மாதிரி இருந்ததா என்று நான் அவளைக் கேட்கவில்லை. நான் முதல் நாளே சாப்பிட்டேன். தீய்ந்த வாசனை அடித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு ருசியானதைத் தின்றதில்லை. புத்தகத்தை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அக்கா என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கடைசிக் காலத்தில், உப்பும் இல்லாமல் போன நாட்களில், அந்தப் பெரியவர் மறுபடியும் வந்தார். கங்காணி இல்லாமல் தனியாக வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, தொங்கிய தோலும் வற்றியிருந்தது. அக்கா அப்போதுதான் பங்களாவிலிருந்து வந்து துண்டை அவிழ்த்திருந்தாள். சட்டியில் சோறு இருந்தது. அவர் கண் அதன்மேல்தான் விழுந்தது.

“பையன சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க” என்றார், தானாகவே உட்கார்ந்து. “கலியாணம் ஆனவன மொதல்ல எடுக்கல. இவன எடுத்துட்டானுங்க.”

அப்பா அவருடைய வீங்கிய கால்களைப் பார்த்தார்.

“பங்களாவுலேந்து அரிசி வருதுன்னு சொன்னாங்க. பையன் திரும்பி வரட்டும், பேசி முடிச்சிரலாம். இன்னைக்கே வேணும்னாலும் கை நனைக்கிறேன்.”

அக்கா எழுந்தாள். அடுப்போரம் எனக்கும் அம்மாவுக்கும் அவித்து வைத்திருந்த சர்க்கரைவள்ளியை எடுத்து, ஓர் இலைக்கிழிசலில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். சோற்றுச் சட்டியை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“சாப்புடுங்க மாமா. கெழங்குதான். தைரியமா தின்னுங்க, ஒரு சம்பந்தமும் ஆயிடாது.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார், தோலோடு. பாதியில் நிறுத்தி, “உப்பு இருக்காம்மா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

அது உண்மைதான். முழுவதையும் தின்றுவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். மெதுவாகத்தான் போனார். வளைவு திரும்பும் வரை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பையன் திரும்பவே இல்லை என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா சோற்றுச் சட்டியை எங்கள் நடுவில் திரும்ப வைத்தாள். ஒரு பிடி எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“டீச்சரம்மா” என்றாள், வெகு நாளைக்குப் பிறகு. “சயாம்ல கீரை மொளைக்குமா?”

“மொளைக்கும்” என்றேன். எனக்குத் தெரியாது.