காரின்ரை மூக்கிலை கட்டின மாலை

எனக்கு அந்தரம் கூடப் பிறந்தது. சிவப்பு லைற்றிலை நிண்டால் ஸ்டியரிங்கிலை விரல் தாளம் போடும். கடையிலை வரிசையிலை நிண்டால் கால் தாளம் போடும். "உன்னைக் கட்டி வைச்சாலும் கயிறு ஆடும்" எண்டு என்ரை மனுசன் நக்கலடிக்கிறவர். அவர் போய்ச் சேர்ந்திட்டார். எனக்கு மிஞ்சினது அவர் ஆசையா வாங்கின சின்னக் கார்தான், டர்போ என்ஜின்.

அந்தக் காரை விளங்கிக்கொள்ள வெளிக்கிட்டுத்தான் நான் அழுகையை நிப்பாட்டினன். விடியப்புறம் புத்தூரிலை இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகேக்கை கார் பறக்கும். பின்னேரம் வெயிலுக்கை திரும்பி வரேக்கை அதே றோட்டு, அதே பெற்றோல், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்ட ஆள் மாதிரி இழுபடும். ஏன் எண்டு துருவித் துருவிப் பாத்தன். குளிர் காத்து நெருக்கமா இருக்கும். என்ஜினுக்கு ஒரு மூச்சிலை நிறைய ஒட்சிசன் கிடைக்கும். சூட்டுக் காத்து ஐதா இருக்கும். டர்போ வேறை காத்தை அமத்தி இன்னும் கொதிக்கப் பண்ணும். அதை ஆத்தத்தான் முன் கிரில்லுக்குப் பின்னாலை ஒரு கூலர் வைச்சிருக்கு. பாக்க ரேடியேற்றர் மாதிரித்தான், ஆனால் ஆத்துறது தண்ணியை இல்லை, என்ஜினுக்குப் போற காத்தை. அதிலை வெளிக்காத்து பட வேணும். படாட்டில் என்ஜின் தன்னைக் காப்பாத்த தன்ரை இழுவைப் பலத்தைக் குறைச்சுப்போடும்.

இதை அறிஞ்ச பிறகு, உள்ளை போற காத்தின்ரை சூட்டைப் போனிலை காட்டுற ஒரு சின்னக் கருவியும் வாங்கிக் கொழுவினன். மாமிக்கு, அதாவது அப்பாவின்ரை தங்கச்சிக்கு, இது பெரிய பகிடி. "உவள் காருக்குக் காய்ச்சல் பாக்கிறாள்" எண்டு கண்ட நிண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சா.

போன வைகாசியிலை தம்பிக்குக் கலியாணம். அம்மா அப்பா இல்லாத வீடு. மாமிதான் எல்லாத்துக்கும் முன்னுக்கு. மாப்பிள்ளையின்ரை அக்கா மணவறையிலை தோழியா நிக்கிறதுதான் எங்கடை வழக்கம். புருசன் செத்தவள் நிக்கேலாது எண்டு மாமி தன்ரை மகளை நிப்பாட்டிப்போட்டா. தம்பியின்ரை முகத்துக்காக வாயை மூடிக்கொண்டன். அவன்தான் ஒரு வழி கண்டுபிடிச்சான்.

"நான் அக்காவின்ரை காரிலைதான் போவன். அக்காதான் ஓட வேணும்."

கார் ஓடுறவள் இப்பிடித்தான் இருக்க வேணும் எண்டு எந்தச் சாஸ்திரமும் சொல்லேல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலை எண்டாலும் என்ரை தம்பியின்ரை கலியாணத்திலை எனக்கு ஒரு இடம் கிடைச்சுது. அந்த ஒண்டுதான் எனக்கு இருந்தது.

கலியாணத்தண்டு காலமை காரைச் சோடிக்கேக்கை கிட்டப் போனன். "பிள்ளை, நீ அங்காலை நில். மங்கலக் காரியம்" எண்டா மாமி. கிணத்தடியிலை நிண்டு நகத்தைக் கடிச்சன். கூப்பிட்ட பிறகு பக்கக் கதவாலை ஏறி இருந்தன். முன்பக்கத்தை நான் பாக்கவே இல்லை.

பிறகு தொடங்கிச்சுது வீடியோக்காரனின்ரை கூத்து. ஏறு, இறங்கு, சிரி, திரும்ப ஏறு. தம்பியின்ரை குங்குமம் கரையக்கூடாது எண்டு ஏசி போட்டபடி கார் கொளுத்துற வெயிலுக்கை நிண்டு உறுமுது. "முகூர்த்தம் உமக்காக நிக்குமோ ஐசே?" எண்டு கத்தினன். வெளிக்கிட்ட பிறகும் முன்னாலை போற மோட்டச்சைக்கிளிலை திரும்பி இருந்து, மெல்ல வாங்கோ எண்டு கை காட்டுறான், விசரன். எனக்குப் பக்கத்திலை மாமி. பின்னாலை தலைப்பாகையோடை தம்பியும், தோழனா வந்த, கலியாணப் பொம்பிளையின்ரை அண்ணையும். எங்களுக்குப் பின்னாலை சொந்தக்காரரின்ரை வான். மண்டபம் உரும்பிராயிலை.

நீர்வேலியிலை வாழைத்தோட்டங்கள் வரவே பொறுமை போச்சுது. வீடியோக்காரனை முந்திக்கொண்டு ஆக்சிலேற்றரை அமத்தினன். கால் அடிமட்டும் போகுது, கார் போகுதில்லை. ஏசியை நிப்பாட்டிப் பாத்தன், இன்னும் அதே இழுபாடுதான். என்ஜின் சூடு காட்டுற முள்ளும் மேலை ஏறத் தொடங்கிச்சுது. ஓரமா நிப்பாட்டினன்.

"நான் அப்பவே நினைச்சனான்" எண்டா மாமி. என்ன நினைச்சவ எண்டு சொல்லேல்லை. சொல்லத் தேவையும் இல்லை. "தம்பி, இறங்கி வானிலை ஏறு. நேரம் தப்பப் போகுது."

அவன் வானிலை ஏறினால், சாகும் வரைக்கும் ஊர் ஒரு கதைதான் கதைக்கும்: அவள் ஓடினபடியால்தான் கார் நிண்டது. போனை எடுத்துப் பாத்தன். உள்ளை போற காத்தின்ரை சூடு எழுபதைத் தாண்டி நிக்குது. நான் ஒரு நாளும் காணாத இலக்கம். கார் பழுது இல்லை, காருக்குக் காத்து இல்லை எண்டு அப்பதான் பொறி தட்டினது. இறங்கி முன்னுக்கு ஓடினன்.

கிரில் முழுக்கத் தடிச்ச செவ்வந்தி மாலை. மாலைக்குப் பின்னாலை வாழையிலையை அடுக்கடுக்கா வைச்சு, இடைவெளி விடாமல் கட்டியிருக்கு. இலை அவிஞ்சு சோத்துப் பார்சல் மணம் மணக்குது.

"ஆர் உந்த இலையை வைச்சது?"

"பூ எடுப்பாத் தெரியட்டும் எண்டு நான்தான் வைச்சனான். ஏன், வடிவில்லையோ?" எண்டு மாமி இருந்த இடத்திலை இருந்தே யன்னலாலை தலையை நீட்டினா.

"ஐயோ மாமி, அதுக்கு மூச்சு முட்டிப் போச்சு!" எண்டு கையை நீட்டினன்.

"தொடாதை! மாப்பிள்ளைக் கார் மாலையை நீ கழட்டுறதோ?"

என்ரை கை அப்பிடியே நிண்டிட்டுது. அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை. எனக்கு எல்லாம் தெரியும், எண்டாலும் கை நிண்டிட்டுது.

கதவு திறந்த சத்தம் கேட்டுது. தம்பி பட்டு வேட்டியை ஒரு கையாலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, தலைப்பாகை சரியச் சரிய வந்தான். ஒரே இழுவை. மாலை, இலை, மாவிலைத் தோரணம் எல்லாம் கையோடை வந்தது. கொண்டுபோய் மாமியின்ரை மடியிலை போட்டான்.

"நான்தான் கழட்டினனான் மாமி. ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ." என்னைப் பாத்து, "ஏறக்கா, ஓடு" எண்டான்.

ஏறினன். கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டன். ஓட ஓடப் போனிலை இலக்கம் இறங்கிச்சுது. கோப்பாய்ச் சந்தி தாண்ட இழுவை திரும்பி வந்தது. வீடியோக்காரன் எங்கேயோ பின்னாலை. முகூர்த்தத்துக்கை தாலி ஏறிச்சுது. நான் தூணுக்குப் பின்னாலை நிண்டு, ஆக்கள் பாக்கினமோ எண்டும் யோசிக்காமல் அழுதன்.

பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் ஏத்திக்கொண்டு திரும்ப வெளிக்கிடேக்கை, புது மாலையோடை நாலைஞ்சு பேர் காரடிக்கு வந்திச்சினம். மாமி காருக்கு முன்னாலை போய்க் கையை விரிச்சுக்கொண்டு நிண்டா.

"முன்னுக்கு ஒண்டும் கட்டக்கூடாது. உது மூச்செடுக்கிற இடம்."

"அப்ப இதை எங்கை கட்டுறது அன்ரி?" எண்டான் வீடியோக்காரன்.

மாமி மாலையிலை தொங்கின மல்லிகைச் சரத்தைப் பிய்ச்சுக்கொண்டு ஸ்டியரிங்கிலை இருந்த என்ரை பக்கம் வந்து, "இந்தா" எண்டு மடியிலை போட்டா. என்ரை முகத்தை அவ பாக்கேல்லை.

நான் கண்ணாடியைப் பாத்து அதைக் கொண்டையிலை செருகினன். மாமி யன்னலுக்கை கையை விட்டா. எடுக்கப்போறா எண்டுதான் நினைச்சன்.

"காத்துக்குப் பறந்துபோம்" எண்டு சொல்லி, தன்ரை கொண்டையிலை இருந்த ஊசியைக் கழட்டி, பூவை இறுக்கிக் குத்திவிட்டா.