குடிக்காதவரின் ஈரல்

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து உள்ளே கூப்பிட்ட டாக்டர், முதலில் கேட்டதே "குடிப்பீங்களா?" என்றுதான்.

என் கணவர் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். "புள்ளைங்கள ஏத்திக்கினு போறவன் சார், தொட்டதே இல்ல" என்றார். வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது, சீட் பெல்ட் போட்டால் அழுத்துகிறது என்று காட்ட வந்திருந்தோம்.

பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். ஸ்ட்ரோமல் கட்டி (உறுப்பைத் தாங்கும் திசுவில் வருவது) என்று தெரிந்தது. வழக்கமாக இது இரைப்பையிலோ குடலிலோ முளைத்து ஈரலுக்குப் பரவுமாம். எண்டோஸ்கோபியில் (குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) அங்கெல்லாம் ஒன்றும் இல்லை.

"ஈரல்லயேதாம்மா ஆரம்பிச்சிருக்கு. ரொம்ப அபூர்வம். குடிப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டர்.

அபூர்வமாம்! சீட்டுக் குலுக்கலில்கூட எங்கள் பெயர் வந்ததில்லை.

ஈரலின் இரண்டு பக்கமும் படர்ந்திருந்ததால் அறுவை சிகிச்சை முடியாது என்றார்கள். தினமும் சாப்பிட்டபின் ஒரு மாத்திரை, கூடவே நிறையத் தண்ணீர். கட்டி சுருங்கியது. ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கியது (இந்த மாத்திரையால் நீர் கோத்துக்கொள்ளும்). வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. "ஈரல் கெட்டுப்போச்சாம், மூஞ்சியப் பாரு" என்றார்கள். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள்.

"நோவுக்குக்கூட நான் அழலடி. குடிச்சிட்டுதான் வண்டி ஓட்டினேன்னு நெனப்பாங்களே" என்று அழுதார்.

பிறகு மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. கட்டி மறுபடி வளர்ந்தது. அவர் போய்விட்டார்.

போனவர் ஆசைப்பட்டதையெல்லாம் கருமாதிப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டையும் பரோட்டாவும் வைத்திருந்தேன். அவருடைய அண்ணன் வந்து, இடுப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து இலையோரம் வைத்தார்.

"என்னா மாமா இது? அவரு தொட்டதே இல்லீங்களே!"

"எங்கிட்ட ஒத்துக்கினாம்மா. 'ஆமாண்ணே, குடிச்சேன், உட்ரு'ன்னான்." சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில், இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, செய்யாததை ஒத்துக்கொண்டிருக்கிறார் என் மனுஷன். சாவைவிட அதுதான் என்னை அறுக்கிறது. பாட்டிலை எடுத்து மாமா கையிலேயே கொடுத்தேன். அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன்.

இதே நோயோடு இருப்பவர்களே, உங்களையும் கேட்பார்கள். நீங்கள் அலுத்துப்போனால் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லட்டும்.

எனக்கு இப்போது பொழுது என்பது சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டுதான். சாப்பிட்டு எழுந்ததும் கை தானாகச் சொம்பை நிரப்புகிறது. என் வலது விலாவுக்குக் கீழே ஒரு நோயும் இல்லை, ஆனாலும் அங்கே கனக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் "வீட்டுக்காரருக்கு என்னா ஆச்சும்மா?" என்று கேட்டால், நோயின் பெயரைப் பிறகுதான் சொல்கிறேன்.

"அவரு குடிக்கலீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.