குறட்டை நின்றதும் நிம்மதி அடைந்தோம்

ராயக்கோட்டையில் புளி ஏற்றும் லாரியில் கிளீனராக இருக்கிறேன். எங்கள் டிரைவர் அண்ணன் மிகவும் பருத்த ஆள். போன மாசியில் அவருக்குக் குடலிறக்கம் முற்றி, ஓசூர் ஆஸ்பத்திரியில் ஈதர் மயக்கமருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும், மயக்கம் தெளியாத அவரை நர்சம்மா ஒருக்களித்துப் படுக்கவைத்து, “இப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரிந்து கிடந்த வயிற்றைப் பார்த்த அண்ணி, “புண்ணு இழுக்கும் தம்பி, மல்லாத்திடலாம்” என்றார். மல்லாத்தினோம். பெருங்குறட்டை எழுந்து, சட்டென்று நின்றது.

“இப்பத்தான் அசந்து தூங்குறாரு” என்றார் அண்ணி.

லாரியில் அவர் குறட்டை ஓய்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது மட்டும் ஏன் என்று மூக்கருகே புறங்கையை வைத்தேன். அவர் நெஞ்சு விம்மி எழுந்தது, மூக்கில் காற்று வரவில்லை. உதடு நீலமாகியிருந்தது.

கத்தினேன். நர்சம்மா ஓடிவந்து தாடையை முன்னுக்குத் தள்ளி, அவரை மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மூச்சு சீறிக்கொண்டு வந்தது.

“தடிச்ச கழுத்து, மயக்கம் வேற. மல்லாந்தா நாக்கு சரிஞ்சு தொண்டைய அடைச்சிக்கும். சத்தம் நின்னா தூக்கம்னு நெனச்சீங்களா?” என்றார்.

தெளிந்த அண்ணன் கேட்டது, “தாடை ஏன்டா வலிக்குது, அடிச்சியா?”

இப்போதெல்லாம் சத்திரத்தில் பக்கத்தில் படுத்தவரின் குறட்டை நின்றால், எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒருவர் திருடன் என்று என் கையை முறுக்கிவிட்டார். நல்ல பிடி. மூச்சுக்குக் குறைவில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.