கன்றும் மரச்சீனியும்

கொல்லயில் ஊரில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ரொக்கம் மட்டுமே வாங்குவது என்ற விதியைக் கொண்டுவந்தவன் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில் என்னைச் சபையின் பொருளாளராக்கியிருந்தார்கள். முந்தின வருஷம் ஒருவர் ஏத்தன் வாழைக்குலை ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டு, பணத்தை வளைகுடாவிலிருந்து அனுப்புவதாகச் சொல்லி விமானம் ஏறினார். குலை செரித்துவிட்டது. பணம் வரவில்லை.

நேர்ச்சைப் பொருளைக் கொடுத்தவரே ஏலத்தில் திரும்ப வாங்குவது எங்கள் வழக்கம். கோழி கொடுத்தவர் கோழியோடு வீட்டுக்குப் போவார். விலை மட்டும் சபையில் தங்கும். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்தே மற்றவர்கள் விலையை ஏற்றுவார்கள்.

அந்த வருஷம், சபைக்குப் பின்வீட்டில் ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைத்த ஒரு பெண், ஈற்றில் பசு பிழைத்தால் கன்றைத் தருவதாக நேர்ந்திருந்தார். பசு பிழைத்தது. ஆராதனை முடிந்ததும், இரண்டு மாதக் கிடாரிக் கன்று ஏல மேசையின் காலில் கட்டப்பட்டு மேசைவிரிப்பை மென்றுகொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் தாய்ப்பசு விடாமல் கத்தியது. கன்று பக்கத்தில் நிற்காவிட்டால் அது ஒரு துளி பால் தராது. ஆகவே அவர் கன்றோடுதான் திரும்பியாக வேண்டும். கையில் இருந்தது நூற்று நாற்பது ரூபாய்.

அமரவிளைச் சாயாக்கடைக்காரர் நூற்றைம்பது என்றார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். "மக்கா, எனக்க கையில ரொக்கம் இவ்வளவுதான் உண்டு. மரச்சீனி எடுப்பியா? பறிக்கப் பருவமாக்கும்."

பசுவின் சத்தத்தில் என் விதி வலுவிழந்தது. மீதிக்கு மரவள்ளிக் கிழங்கை எடுக்கலாம் என்றேன். ஏலம் விட்ட ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதை உரக்க அறிவித்தார். அந்தப் பெண் நூற்றெழுபது கேட்டார்.

"அப்போ சாயாவும் எடுக்கணுமே சாரே," என்றார் கடைக்காரர். "பாட்டுப் பயிற்சிக்கு வாறவங்களுக்கு சாயாவும் பருப்புவடையும். எரநூறு."

தனுவச்சபுரத்துத் தையல்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "பாடகர்களுக்கு அங்கி தச்சுத் தாறேன். எரநூத்தி அம்பது."

"எலே, கன்னு கெட்ட ஒனக்கு எடம் உண்டா?" என்றார் அந்தப் பெண்.

"மாடியில கெட்டுவேன் அக்கா."

"ஒனக்கு மாடி ஏது?"

"கன்னு வளரட்டு. கெட்டிக்கிடலாம்."

கடைக்காரர் முந்நூற்றுக்குப் போனார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்காகத் தொறக்கச் சொன்ன கதவாக்கும், மக்கா. ஊரு முழுக்க அதுல கேறியாச்சே."

அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எதுக்கு இந்தக் கன்னு?"

"வளத்தா சொந்தப் பாலு. வெளியில வாங்காண்டாமே அக்கா."

"இது கறக்க ரெண்டு மூணு வருசம் ஆவும். அதுவரைக்கும் ஒனக்குப் பாலு ஆரு தாறா?"

தினமும் விடியற்காலையில் சாயாக்கடைக்குப் பால் ஊற்றுவது இதே பெண்தான்.

"கன்னை நீ கொண்டுபோனா தள்ளைப்பசு சுரக்காது. நாளைக்கு காலம்பற ஒனக்க கடையில பாலு இல்லாத்த கட்டன் சாயா ஆக்கும்."

கூட்டம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் நிறுத்தியாச்சு சாரே."

அந்தப் பெண் முந்நூற்றுப் பத்து கேட்டார். வாத்தியார் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு நடக்கையில் யோசித்தேன். ரொக்கம் மட்டும் என்றிருந்தால் கன்று நூற்றைம்பது ரூபாய்க்கு அமரவிளைக்குப் போயிருக்கும். மரச்சீனிக்கு இடம் கொடுத்ததால் அது வீடு திரும்பியது; சபைக்கு இரண்டு மடங்கு கிடைத்தது. விற்கிறவர்கள் விலை கொடுக்கும் வழிகளை அகலமாக்குவது வாங்குகிறவர் மேல் உள்ள கருணையால் மட்டுமல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு மரச்சீனிச் சாக்கை என் முன் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருசம் ரொக்கம் மட்டும் போதும், மக்கா."