மாங்குளம் பஸ்ஸில் என் மூன்றாவது பாட்டு

இன்று காலை என் முதல் ஆல்பம் வெளியானது. பென் டிரைவில் போட்டு, வவுனியாவில் பஸ் ஏறும்போது சாரதி அண்ணாவிடம் கொடுத்தேன்.

மூன்றாவது பாட்டு, கனடா போய் என்னை மறந்தவனுக்காக எழுதியது. "இனி உன் வழி பார்க்கமாட்டேன்" என்று முடியும்.

பஸ்ஸில் அந்தப் பாட்டு முடிந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

"காணாமல் போன ஆரையோ நினைச்சுப் பாடுறா போல. பாடுற பிள்ளையைத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்தச் சொல்லுங்கோ பிள்ளை. சண்டையில காணாமல் போன என்ர மகனை நான் இன்னும் வழி பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"சொல்லுறன்" என்றேன்.

மாங்குளத்தில் இறங்கும்போது சாரதி அண்ணா சொன்னார்: "நல்ல பாட்டு தங்கச்சி. இனி ஒவ்வொரு நாளும் போடுறன்."

அந்த அம்மா ஒவ்வொரு நாளும் வருவதும் இதே பஸ்ஸில்தானாம்.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?